சென்னையோடு பேச்சு இல்லை

சிப்பிக்குடா உப்பளத்தில் மோட்டார் கொட்டகைச் சுவர்களில் தொங்குகிற பெட்டிகள் எல்லாம் ஒரே நாளில் சென்னை ஆபீசோடு பேச்சை முறித்துக்கொண்ட சங்கதியை அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டீர்களானால், அது எப்படி நடந்தது என்று ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். அதில் என்ன அதிசயம், ரோஷமுள்ள பெட்டி, பேசவில்லை, அவ்வளவுதானே என்று கையை உதறிவிடுவார்கள். யாரால் நடந்தது என்பதைத்தான் உட்காரவைத்து ஆதியோடந்தமாகச் சொல்வார்கள், சொல்லும்போது மதிவாணன் என்கிற பேர் வருகிற இடத்தில் எல்லாம் ஒரு தடவை தரையில் துப்பிவிட்டுத்தான் மேலே போவார்கள். எழுத்தில் துப்ப முடியாது. நீங்களே துப்பிக்கொள்ளுங்கள்.

சண்முகக்கனியின் புருஷன் பொன்னுலிங்கம் அங்கே மோட்டார் பார்க்கிறவன். கடல் தண்ணீரைப் பாத்திக்கு இறைக்கிற மோட்டார்கள் முன்பு டீசலில் புகைந்துகொண்டு ஓடின. பிறகு கம்பெனி வந்து வரப்பு நெடுகச் சூரியப் பலகைகளை நட்டு, கொட்டகைக்கு ஒரு பெட்டியை மாட்டியது. சார்ஜ் கன்ட்ரோலர் என்று அதற்குப் பேர். பலகை வாங்குகிற வெயிலை பேட்டரிக்குள் அளவாக ஊட்டுவதும், பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு விடுவதும் நிறுத்துவதும் அதன் வேலை, அதோடு நான் இவ்வளவு வெயில் வாங்கினேன், இவ்வளவு நேரம் ஓடினேன் என்று சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் திரைக்கு ஓயாமல் ஒப்பித்துக்கொண்டும் இருக்கும். உப்பளத்து ஜனங்கள் நினைத்த நேரத்துக்கு மோட்டாரை நிறுத்துகிறார்கள் என்று கொட்டகையில் இருந்த சுவிட்சைக் கம்பெனி கழற்றிக்கொண்டு போய்விட்டது. அதன்பிறகு ஓடு என்றாலும் நில் என்றாலும் சென்னையில் இருந்து மேனேஜர் மதிவாணன் அந்தத் திரையில் அமுக்கினால்தான் உண்டு. கண்ணால் பார்க்காத மோட்டாரை அங்கே குளுகுளு அறையில் இருந்துகொண்டு ஆட்டிவைக்கிற கொழுப்பு யாருக்கு வரும் சொல்லுங்கள்.

ஒருநாள் இரண்டாம் கொட்டகை மோட்டாரின் பெல்ட்டில் கோரைப்புல் சிக்கி மோட்டார் நின்றுவிட்டது. பொன்னுலிங்கம் முறைப்படி போன் போட்டான். “சார், பெல்ட்டுக்குள்ள கை வைக்கப்போறேன், நான் மறுபடி கூப்புடுத வரைக்கும் மோட்டாரை விட்டுறாதீய” என்றான். போன் ஸ்பீக்கரில் இருந்தது, சண்முகக்கனி சாப்பாட்டுத் தூக்கோடு பக்கத்தில் நின்றாள், “சரி, சரி” என்று மதிவாணன் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அவன் கையை உள்ளே விட்டு கோரையை இழுத்துக்கொண்டிருக்கும்போதே பெட்டி கிளிக் என்றது, மோட்டார் ஓடியது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் பொன்னுலிங்கம் அவள் மடியிலேயே போய்விட்டான்.

கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? குடித்துவிட்டு மோட்டாரில் கை வைத்தான் என்று சொன்னது. கல்யாண வீட்டில் எவனாவது குடித்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் இலையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பந்திக்கு எழுந்து போகிறவனை, குடிகாரன் என்றார்கள். மதிவாணன் எழவுக்கு வரவில்லை, கம்பெனி பேர் போட்ட ஒரு மலர்வளையம் வந்தது, அதை ஆடு தின்றது. பள்ளிக்கூடத்தில் மகள் செண்பகத்தை ஒருத்தி ‘குடிகாரன் பொண்ணு’ என்று சொல்ல, பிள்ளை புத்தகப் பையை வீசிவிட்டு வீட்டுக்கு வந்து, “அம்மா, அப்பா குடிச்சாகளா?” என்று கேட்டது. சண்முகக்கனிக்கு அன்றைக்குத்தான் வயிறு பற்றி எரிந்தது. புருஷன் செத்ததற்கு அழுதாள், இதற்கு அழவில்லை. அந்த மதிவாணன் இந்த மண்ணில் வந்து நின்று, ஊர் கேட்க, பிள்ளை கேட்க, தன் வாயால் உண்மையைச் சொல்லவேண்டும், அதுவரைக்கும் விடமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சிப்பிக்குடாவில் ஒருவன் இன்னொருவனுக்குத் துரோகம் செய்தால் வெட்டுக்குத்துக்குப் போகமாட்டார்கள், பேச்சை முறிப்பார்கள். உப்பு வாரி எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சி நிற்குமே, நாக்கில் பட்டால் குடலைப் புரட்டுகிற கசப்புத் தண்ணீர், அதை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு துரோகம் செய்தவன் வாசல்படியில் ஊற்றி, ‘உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடவேண்டும். அப்புறம் சொந்தபந்தம், சம்பந்தி, கடைக்காரன் வரைக்கும் அந்த வீட்டோடு பேசமாட்டான். பேச்சு சேரவேண்டுமானால் துரோகம் செய்தவனே வந்து, அதே கசப்புத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் குடித்து, செய்ததை ஒரு சொல் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆள் அனுப்பினால் செல்லாது.

ஆனால் மதிவாணன் வாசல்படிக்கு எங்கே போவது? ஊர்த் தலைவர் தவசிமுத்துவிடம் சண்முகக்கனி போய்க் கேட்டாள்.

“கம்பெனிக்கு ஏது தாயி வாசப்படி? கண்ணாடிக் கதவு, அதுவும் தானாத் தொறக்குமாம். அங்க கொண்டுபோயி எதை ஊத்துவ?” என்றார் தவசிமுத்து.

“அவன் இந்த ஊருக்குள்ள வாரது எந்த வழியா அண்ணாச்சி? பெட்டி வழியாத்தான? அப்ப அதான் அவன் வாசல்” என்றாள்.

சொன்னபடி நல்ல மத்தியான வெயிலில் சிரட்டையோடு இரண்டாம் கொட்டகைக்குப் போய், பெட்டிக்கு நேரே தரையில் கசப்புத் தண்ணீரைக் கோடாக ஊற்றி, பேச்சு இல்லை என்று சொன்னாள். பக்கத்து வீட்டு எசக்கியம்மாள் வரப்பில் நின்று சிரித்தாள். “ஏட்டி, கிறுக்குப் புடிச்சிட்டா ஒனக்கு? மிஷினுக்குப் போயி...” என்று அவள் முடிப்பதற்குள், பெட்டியில் மினுங்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. அடுத்த கொட்டகையிலும் சிவப்பு, அதற்கு அடுத்ததிலும் சிவப்பு, கடலோரக் கடைசிக் கொட்டகை வரைக்கும் சிவப்பு. எசக்கியம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு, “நல்லாக் கேட்டுச்சு போலருக்கு” என்று சொல்லிவிட்டு உப்பு வாரப் போனாள்.

ஆபீஸ் திரையில் சிப்பிக்குடா முழுக்க இருட்டாகப் போய்விட்டதென்று, பழுது பார்க்க அருள்நேசன் என்கிற என்ஜினியரை அனுப்பினார்கள். நல்ல பையன், பொய் சொல்லத் தெரியாதவன், வேலையிலும் கெட்டிக்காரன், அதில் குறையே சொல்ல முடியாது. வயரைக் கழற்றி மாட்டினான், முனையில் பூத்திருந்த உப்பைச் சுரண்டினான், பெட்டிக்குக் கொடுத்திருந்த நெட்வொர்க் முகவரி மாறிப்போயிருக்கிறதா என்று பார்த்தான், ஒரே முகவரியை இரண்டு பெட்டிகள் வைத்துக்கொண்டு சண்டை போடுகின்றனவா என்று பார்த்தான், ஒரே நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டர் கூப்பிட்டுப் பெட்டி திணறுகிறதா என்று பார்த்தான், ரௌட்டரை அணைத்துப் போட்டான், ஆன்டெனாவை உயர்த்தினான், கடைசியில் பெட்டியையே மாற்றினான். அவன் லேப்டாப்பை நேரே செருகிக் கேட்டால் பெட்டி தங்கமாகப் பதில் சொன்னது, பேட்டரி எவ்வளவு, வெயில் எவ்வளவு, எல்லாம் சொன்னது. சென்னையில் இருந்து அதே கேள்வி வந்தால் மட்டும், அழைப்பை எடுக்கும், யார் என்று தெரிந்துகொள்கிற அளவுக்கு ஒரு மூச்சு இருக்கும், பட்டென்று துண்டித்துவிடும். புதுப் பெட்டியும் அட்டையைப் பிரிக்கிற வரைக்கும் சாதுவாக இருந்துவிட்டு, சுவரில் ஏறிப் பக்கத்துப் பெட்டிகளைப் பார்த்த மாத்திரத்தில் சிவப்பைக் காட்டியது.

எசக்கியம்மாள் அவனுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்து, இன்ன காரணம் தம்பி, நீ வீணா அலையாத என்று எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். அருள்நேசன் கேட்டுக்கொண்டான், நம்பவும் செய்தான், வேறு எதைத்தான் நம்புவது அவன். அன்று சாயங்காலமே ஆபீசுக்குப் போன் போட்டு, “சார், கருவி எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதுங்க உங்களோட பேச்சுவார்த்தையில இல்லை, அவ்வளவுதான்” என்றான். அந்தப் பக்கம் மதிவாணன் வைத ஒரு வார்த்தையைக்கூட அவன் ஊருக்குள் திருப்பிச் சொல்லவில்லை.

சென்னையோடு பேசவில்லையே தவிர, பெட்டிகள் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. பாத்தி காய்ந்தால் மோட்டார் ஓடியது, நிரம்பினால் நின்றது, எவராவது பெல்ட் பக்கம் போனால், குழந்தை தவழ்ந்து போனாலும்கூட, அசையாமல் காத்திருந்தது. ஜனங்களுக்கு இது இரண்டு வாரத்தில் பழகிப்போயிற்று. அப்புறம் அவரவர் சொந்த வழக்கையும் கொட்டகைக்குக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். துபாயில் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டிருந்த புருஷன்மேல் ஒருத்தி வந்து சிரட்டைத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள், அன்றிலிருந்து அவன் கூப்பிட்டால் ‘ஹலோ’வில் லோ வருவதற்குள் அறுந்துவிடும், மாமியார் போனில் இருந்து கூப்பிட்டாலும் அறுந்துவிடும், கடைசியில் விமானம் ஏறி வந்து, சிரட்டையைக் கையில் ஏந்தி, எல்லாவற்றையும் சொல்லி, வயிற்றோட்டத்தில் கிடந்து எழுந்தபிறகுதான் லைன் சரியாயிற்று. ஓட்டுக் கேட்டு வருகிற பதிவுசெய்த குரல்கள் ஊர் எல்லையில் செத்து விழுந்தன, யார் ஊற்றினார்கள் என்று தெரியவில்லை, எல்லாரும் ஊற்றியிருக்கலாம். வெளியூர் டவர்கள்கூடப் பெட்டிகளின் பேச்சைக் கேட்டு நடப்பதாக ஒரு பேச்சு இருந்தது.

எல்லாருக்கும் காரியம் ஆனது, சண்முகக்கனிக்குத்தான் ஆகவில்லை. மதிவாணன் லேசில் இறங்குகிற ஜென்மமா? முதலில், தன் சார்பாக அந்தக் கண்ராவியைக் குடித்து எதையாவது சொல்லித் தொலை என்று அருள்நேசனுக்கு உத்தரவு போட்டான். பாவம், அந்தப் பிள்ளை குடித்துவிட்டு நாள் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது, சிவப்பு சிவப்பாகவே இருந்தது. பிறகு கோட்டுப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஆழ்ந்த அனுதாபங்கள் என்று ஒரு வீடியோ அனுப்பினான். அதைப் பெட்டிக்கு முன்னால் ஓடவிட்டபோது, அசிங்கத்தை மிதித்த மாதிரி பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. மூன்றாவதாக மிரட்டல் வந்தது. பெட்டிகள் வழிக்கு வராவிட்டால் பலகை, பேட்டரி, மோட்டார் எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவோம் என்று.

மோட்டார் போனால் உப்பு இல்லை, உப்பு இல்லாவிட்டால் சிப்பிக்குடா இல்லை. ஊர் கூடியது. நேற்றுவரை சிரட்டையோடு வரிசையில் நின்ற வாய்களே இன்றைக்கு, “ஒருத்திக்காக ஊரே பட்டினி கிடக்கணுமா?” என்று முணுமுணுத்தன. தவசிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, “தாயி, நீயா போயி நல்ல தண்ணிய ஊத்திக் கோட்டை அழிச்சிட்டா...” என்றார்.

சண்முகக்கனி எழுந்து நின்றாள். “அழிக்கேன் அண்ணாச்சி. எம்புருசன் குடிகாரன்தான்னு இங்க இருக்கவுக அத்தனபேரும் ஒருதடவ சொல்லுங்க. எம்மவ கேக்கட்டும். சொல்லிட்டா இப்பவே அழிக்கேன்.”

முணுமுணுத்தவர்கள்தான் முதலில் தலையைக் குனிந்தார்கள். தவசிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டு, “லாரி வந்தா வரட்டும், முன்னால படுப்போம்” என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

லாரி வரவில்லை, மதிவாணன் வந்தான். இருட்டுத் திரையைப் பார்த்துப் பார்த்துப் பெரிய முதலாளிகளுக்குப் பொறுமை போய், பெட்டி பேசவேண்டும் அல்லது நீ போகவேண்டும் என்று அவன் கழுத்தில் கை வைத்துவிட்டார்களாம். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, தலையில் மஞ்சள் ஹெல்மெட். பொன்னுலிங்கம் தலைக்கு ஒரு ஹெல்மெட்டைக் கண்ணில் காட்டாதவன், உப்புப் பாத்திக்கு நடுவே வானம் இடிந்து விழப்போகிற மாதிரி ஹெல்மெட்டோடு நடந்து வந்தான். ஊரே வரப்பில் வந்து நின்றது. செண்பகத்தைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் சண்முகக்கனி முன்னால் நிறுத்தியிருந்தாள். தன் இடுப்பில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் வைத்திருந்தாள். எல்லாம் சொல்லி முடித்தவனுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுப்பது முறை, கொடுத்துவிட்டால் பகை தீர்ந்தது. அவளும் கொடுக்கத்தான் கொண்டுவந்திருந்தாள். இதை ஊரில் எல்லாரும் சத்தியம் செய்வார்கள்.

மதிவாணன் உள்ளங்கையில் கசப்புத் தண்ணீரை ஏந்தினான். மூக்கைச் சுளித்துக்கொண்டு குடித்தான். கண்ணில் நீர் முட்டியது. “நடந்தது ரொம்ப வருத்தமான ஒரு விபத்து. கம்பெனி சார்பா...” என்று ஆரம்பித்தான்.

“கம்பெனியா பெத்துச்சு ஒன்ன?” என்று எசக்கியம்மாள் வரப்பில் இருந்து கத்தினாள். பெட்டி சிவப்பாகவே இருந்தது. அருள்நேசன் மெதுவாக, “சார், இன்னொரு கை” என்றான்.

இரண்டாவது கை உள்ளே போனதும் அவன் முழங்காலில் விழுந்து குமட்டினான். ஹெல்மெட் கழன்று சேற்றில் உருண்டது. வாயைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், “அவர் குடிச்சிருக்கலை. குடிச்சார்னு சொன்னது நான்தான். மோட்டாரை விட்டதும் நான்தான்” என்றான்.

வரப்பு முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. சண்முகக்கனி மகளின் தோளைப் பிடித்து அழுத்தினாள். “கேட்டியாட்டி? நல்லாக் கேட்டுக்கோ. ஒங்கப்பா குடிக்கல” என்றாள், இதற்காக அதுவரை வராத அழுகை அப்போது பொத்துக்கொண்டு வந்தது. இதற்குத்தானே, இந்த ஒரு சொல்லுக்குத்தானே இத்தனை நாள். அவள் கை செம்பின் வாயை மூடியிருந்த இலையை எடுத்துவிட்டது.

பெட்டி சிவப்பாகவே இருந்தது.

“போதும் கனி, அவன்தான் சொல்லிட்டாம்லா” என்று தவசிமுத்துகூடச் சொன்னார். ஆனால் பெட்டி சிவப்பு. சண்முகக்கனி பெட்டியைப் பார்த்தாள், மதிவாணனைப் பார்த்தாள். “இன்னும் என்ன வச்சிருக்க?” என்று கேட்டாள்.

அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். யாரும் அவனைத் தொடவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது, கார் நிற்கிற இடம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் தெரிந்தது, ஆனால் பெட்டி பேசாமல் அவன் எந்த முகத்தோடு திரும்பிப் போவான்? மூன்றாவது கையைக் குடித்தான். இந்தத் தடவை குமட்டவில்லை. குரல் மட்டும் தானாக வந்தது.

“அன்னைக்கு முதலாளிங்க திரையைப் பார்க்க வந்திருந்தாங்க. எல்லா மோட்டாரும் பச்சையா இருந்துச்சு, அது ஒண்ணு மட்டும் சிவப்பா நின்னுச்சு. அது ஏன் நிக்குதுன்னு கேட்டாங்க. அவர் போன் பண்ணினது எனக்கு...” அவன் சிவப்பாக நின்ற பெட்டியைப் பார்த்தான். “எனக்கு ஞாபகம் இருந்துச்சு. உள்ள கை இருக்கும்னு ஞாபகம் இருந்துச்சு. இந்நேரம் எடுத்திருப்பான்னு நினைச்சு அமுக்கிட்டேன்.”

பெட்டியில் பச்சை எரிந்தது. அடுத்த கொட்டகையில் பச்சை, அதற்கடுத்து பச்சை, கடல்வரைக்கும் பச்சை. அருள்நேசனின் லேப்டாப்பில் சென்னைத் திரை வெளிச்சம் போட்டுக்கொண்டு எழுந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாரும் சண்முகக்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறந்துவிட்டான் என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். மறதிக்காரப் பாவி, கவனம் கெட்ட பாவி என்றுதான் வைதிருந்தாள். ஞாபகம் இருந்ததாம். ஒரு விளக்குப் பச்சையாகத் தெரியவேண்டும் என்பதற்காக, ஞாபகத்தோடு அமுக்கியிருக்கிறான். அவளுக்குக் கண்ணீர் நின்றுவிட்டது.

மதிவாணன் உதடெல்லாம் வெந்துபோய், இரண்டு கையையும் கூட்டி அவள் முன்னால் நீட்டினான். சண்முகக்கனி செம்பை எடுத்தாள், அண்ணாந்தாள், அத்தனை தண்ணீரையும் ஒரு சொட்டுக் கீழே சிந்தாமல் தானே குடித்தாள். ஊர் பார்க்கக் குடித்தாள். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“பெட்டி ஒங்க ஆபீசோட பேசிக்கிடட்டும். ஊருக்கு மோட்டார் வேணும். ஒனக்கும் எனக்கும் பேச்சு இல்ல.”

அவன் போய்விட்டான். ஊரில் உப்பு வழக்கம்போல விளைந்தது, பெட்டிகள் சென்னைக்கு வெயில் கணக்கை ஒப்பித்தன, கொட்டகைக்கெல்லாம் சுவிட்சு திரும்ப வந்தது. சில மாதம் கழித்து அருள்நேசன் சண்முகக்கனியைத் தேடிப் பாத்திக்கே வந்தான். திரை எல்லாரிடமும் பேசுகிறது, மதிவாணன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் மட்டும் அறுந்துவிடுகிறது என்றான். திரையாவது பரவாயில்லை, எந்தப் போனை எடுத்தாலும் அறுகிறது, ஓசி வாங்கிப் பேசினாலும் அறுகிறது, லிஃப்ட் அவருக்குக் கதவு திறப்பதில்லை, குடிக்கிற தண்ணீர் எல்லாம் கசக்கிறதாம் என்றான்.

“அவருக்கு ஒரே பையன்க்கா. வெளிநாட்டுல படிக்கிறான். மாசக்கணக்கா அவன் குரலைக் கேக்கலை. அவர் கெட்டவர்தான், நான் இல்லேங்கலை. அந்தப் பையன் என்னக்கா பாவம் செஞ்சான்?” என்றான்.

சண்முகக்கனி உப்பு வாருகிற பலகையை ஊன்றிக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

“எம்மவளும் அவுக அப்பா குரலைக் கேக்கல தம்பி. வெயிலு ஏறுது, மோரு கெடக்கு, குடிச்சிட்டுப் போ” என்றாள்.

அவன் குடித்துவிட்டுப் போனான். சண்முகக்கனி மறுபடி குனிந்து உப்பை வாரினாள். மனசு இளகவில்லை, உறுத்தவில்லை, சந்தோஷமாக இருந்தது. யாராவது கேட்டால் அப்படியே சொல்லவும் செய்தாள்.